நிலாவில் ஏறிய தவளை

கியூபாவின் ஓவியக் கலை என்னிலிருந்து தொடங்குகிறது. எனக்கு முன்னால் வரையப்பட்டவை எல்லாம் பனைமரங்கள்.

இதைக் கர்வத்தில் சொல்லவில்லை. ஹவானாவில் கலைக் கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவன் என்ற முறையில், ஆராய்ந்து சொல்கிறேன். இந்தத் தீவில் தூரிகை பிடித்த ஒவ்வொருவரும் ஒரு பனைமரம் வரைந்திருக்கிறார்கள். பனைமரம் வராதவர்கள் சேவல் வரைந்திருக்கிறார்கள். இரண்டும் வராதவர்கள் பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வரைந்து சுற்றுலாப் பயணிகளின் தலையில் கட்டியிருக்கிறார்கள். நான் ஒருவன்தான் எதையும் வரையவில்லை. சென்ற ஆண்டுக் கண்காட்சியில் வெறும் படச்சட்டம் ஒன்றை ஆணியில் மாட்டி, 'அடையாளம் எண் 3' என்று பெயர் வைத்தேன். எங்கள் பேராசிரியர் அதன் முன்னால் ஐந்து நிமிடம் கண்மூடி நின்றார். பிறகு முழு மதிப்பெண் போட்டார். அவர் அப்போது தூங்கிவிட்டார் என்று சொல்கிறவர்களுக்குக் கலை புரியாது.

எண் 1, எண் 2 எங்கே என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

அந்த மார்ச் மாதம் நான் ஊருக்குப் போனது ஆய்வேட்டுக்காக. எங்கள் கல்லூரியில் ஆய்வேட்டுத் தலைப்பில் 'அடையாளம்' என்ற சொல் இல்லாவிட்டால் அலுவலகத்தில் முத்திரை குத்தமாட்டார்கள். என் தலைப்பு 'அடையாளம் என்னும் சொறித்தவளை'. முத்திரை உடனே கிடைத்தது.

எங்கள் ஊர் சாந்தா கிளாராவுக்கு அந்தப் பக்கம். ரயில் தண்டவாளத்துக்கு வடக்கே குடியிருப்பவர்கள் ஆடுகள். தெற்கே குடியிருப்பவர்கள் தவளைகள். மற்றபடி இரண்டு பக்கமும் ஒரே ரொட்டி, ஒரே மின்வெட்டு, ஏறக்குறைய ஒரே மூக்கு. ஆனால் மார்ச் திருவிழாவுக்கு இரு தரப்பும் ஆளுக்கொரு தேர் கட்டும். அந்தியில் சதுக்கத்துக்கு இழுத்து வந்து, வேட்டு போட்டு, டிரம்பெட் ஊதி, யார் தேர் உசத்தி என்று பார்த்துக்கொள்ளும். நடுவர் கிடையாது. அதனால் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு தரப்பும் ஜெயித்துவிடும். தோற்றது யார் என்பதற்கு ஒரே அடையாளம், எதிர்த்தரப்பின் சிரிப்பு. அதனாலேயே தேரில் என்ன வரப்போகிறது என்பது கடைசி நிமிடம்வரை ரகசியம்.

என் அப்பா தவளை. அம்மா ஆடு. திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மா ஒரு பையில் இரண்டு கவுன்களைத் திணித்துக்கொண்டு தண்டவாளம் தாண்டி ஃபெர்மின் மாமா வீட்டுக்குப் போய்விடுவார். சண்டையெல்லாம் இல்லை. முப்பது வருடமாக அப்படித்தான். அந்த வாரத்தில் ரொட்டி வரிசையில் நேருக்கு நேர் பார்த்துவிட்டால் அப்பாவும் அம்மாவும் இரண்டு நாட்டுத் தூதர்கள்போல் தலையை மட்டும் அசைத்துக்கொள்வார்கள்.

அந்த வருடம் தவளைத் தேரைக் கட்டியது என் அக்கா தயாமி. ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வழக்கமாகக் கட்டுகிறவர் மயாமிக்குப் போய்விட்டார். தவளைக் குழு கூடி, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அக்காவைத் தேர்ந்தெடுத்தது. எதிர்த்து விழுந்த நான்கில் ஒன்று குழுத் தலைவர் அர்ஹெலியோவுடையது. சலூன் வைத்திருப்பவர்.

"பாரு தயாமி, நான் மனசுல ஒண்ணும் வச்சுக்கல," என்று அவர் என் முன்னாலேயே சொன்னார். "தேரு வெளிய வரும்போது வடக்குப் பக்கம் ஒருத்தன், ஒரே ஒருத்தன் சிரிச்சாலும் சரி, அடுத்த வருஷத்துலேர்ந்து நீ ஃப்ரிட்ஜ் மட்டும் பாத்தா போதும்."

"சரிண்ணே," என்றாள் அக்கா. "உங்க ஃப்ரிட்ஜையும் சேத்தா?"

அர்ஹெலியோவின் ஃப்ரிட்ஜ் 1954இல் வாங்கியது.

அக்கா சிரித்துக்கொண்டுதான் பேசினாள். ஆனால் அவளுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து இது ஒன்றுதான் ஆசை என்பது எனக்குத் தெரியும். பள்ளி நோட்டுகளின் பின்பக்கமெல்லாம் தேர் வரைந்து வைத்திருந்தாள். நான் அவற்றில் மீசை வரைவேன்.

பழைய சர்க்கரைக் கிடங்கின் தகரக் கதவைப் பூட்டிக்கொண்டு வேலை நடந்தது. உள்ளே இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு தவளை. கம்பிக் கூடு, அதன்மேல் கூழில் தோய்த்த செய்தித்தாள், அதன்மேல் பேஸ்பால் மைதான வேலிக்கு அடித்து மிஞ்சிய பச்சை. அது வெள்ளிநிற நிலா ஒன்றின்மேல் ஏறிக்கொண்டிருந்தது. நிலாவை ஃப்ரிட்ஜ் கதவுகளிலிருந்து உரித்த தகட்டால் செய்திருந்தாள். தவளையின் சொறிக்கு பீர் பாட்டில் மூடிகள். அதற்காகவே ஒரு வருடமாகத் தெற்குப் பக்கம் முழுவதும் கலைச்சேவையில் ஈடுபட்டிருந்தது. மூன்று சாக்கு மூடி சேர்ந்திருந்தது.

"நீதான் தலைநகரத்துல ஓவியம் படிக்கிற புள்ள," என்றார் அர்ஹெலியோ. "உக்காந்து சொறிய ஒட்டி, பச்சை அடிச்சுக் குடு."

"அண்ணே, நான் கலைஞன். தவளைக்குச் சொறி வைக்கிறவன் இல்ல."

"அப்ப என்னதான் வரைவ?"

"வரையறதில்ல. சட்டம் மாட்டுவேன்."

"அதுக்கு எத்தன வருஷம் படிப்பு?"

"அஞ்சு."

"தச்சன் ஆறு மாசத்துல கத்துக்கறான்," என்றார், உண்மையான வருத்தத்தோடு.

திருவிழாவுக்கு முந்தைய நாள் மதியம் அப்பா ஒரு பாத்திரத்தை என் கையில் கொடுத்தார். கறுப்பு பீன்ஸும் பன்றிக்கறியும். "அவகிட்ட குடுத்துடு. நான் குடுத்தேன்னு சொல்லாத."

மாமா வீட்டு அடுப்படியில் அம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல."

ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தார். "உப்பு கம்மின்னு அந்தக் குடுக்காதவர்கிட்ட சொல்லு. உங்கக்கா எப்படிடா இருக்கா? சாப்பிடறாளா?"

"சாப்பிடறா. கையெல்லாம்தான் கீறல்."

"ஐயோ. எதுல கீறிச்சு?"

"தகடு. ஃப்ரிட்ஜுத் தகடு."

"தகட வச்சு என்ன பண்றா எம்பொண்ணு?" என்று பாத்திரத்தைப் பார்த்தபடியே கேட்டார் அம்மா.

இந்த இடத்தில் நான் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நான் அப்போது ஆய்வாளன். என் ஆய்வேட்டின் மையக் கருத்தை விளக்க இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது என்று பட்டது.

"அதையேன் கேக்கற. ஒரு ஊரே சேந்து ஒரு வருஷம் பீர் குடிச்சு, கடைசில என்ன செஞ்சிருக்காங்கன்னு பாரு. தவளை நிலாவுல ஏறுதாம்மா. வெள்ளி நிலா. இதுக்குப் பேரு கலையாம்."

அம்மா அடுப்பைச் சின்னதாக்கினார். பக்கத்து அறைத் திரை லேசாக அசைந்தது. அது காற்று என்று நினைத்தேன். அது ஃபெர்மின் மாமா. ஆரம்பப் பள்ளி ஆசிரியர்.

ஆடுகள் கொஞ்சம் பொறுத்திருந்தால் நாங்கள் தொலைந்திருப்போம். ஆனால் ரகசியத்தைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தால் என்ன ஆகும் என்பது மாமாவுக்கே தெரியவில்லை. நான்கு மணிக்குத் தண்டவாளத்து மேட்டில் முப்பது பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கரும்புத் தட்டை, அதன் நுனியில் வட்டமாக வெட்டிய வெள்ளை அட்டை. முகத்தைத் தெற்கே வைத்துக்கொண்டு பாடினார்கள்.

"தவளைக்கு நிலா வேணுமாம்,
தாவித் தாவி ஏறுமாம்.
நிலா இல்லடா சொறிப்பயலே,
எங்க ஆட்டுச் சீஸுடா!"

நான் தண்டவாளம் தாண்டி ஓடினேன். "அம்மா, நீயா சொன்ன?"

"நான் சொல்லல. உம்மாமா கேட்டான்," என்றார் அம்மா. "கேட்டவன சும்மா இருன்னும் சொல்லல. வருஷத்துல அம்பத்தோரு வாரம் நான் உங்கம்மா. இந்த ஒரு வாரம் நான் ஆடு. தெரிஞ்சுதான வந்த? ஆட்டு வீட்டு அடுப்படியில வந்து தவளை வாயத் தொறந்தா யாரு தப்பு?"

கிடங்குக்குள் குழு கூடியிருந்தது. எல்லோரும் எல்லோரையும் சந்தேகித்தார்கள். அக்கா தவளையின் காலில் உட்கார்ந்து, கைவிரலில் சுற்றியிருந்த ஒட்டுத்துணியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு இந்நேரம் வடக்குப் பக்கம் மொத்தமும் சீஸத் தூக்கிக்கிட்டு நிக்கும்," என்றாள். "கதவத் தொறந்த உடனே சிரிப்பாங்க. அவ்வளவுதான். ஒரு வருஷ உழைப்பு போச்சு."

"நான்தான் சொன்னேன்," என்றேன், யாருக்கும் கேட்காது என்ற நம்பிக்கையில். எல்லோருக்கும் கேட்டுவிட்டது. அர்ஹெலியோ என் தலைமுடியைப் பார்த்தார். சலூன்காரர் அந்த மாதிரிப் பார்ப்பது நல்லதல்ல.

அக்கா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. நிலாவை எடுத்துவிடலாம் என்றார் ஒருவர். எடுத்தால் தவளை அந்தரத்தில் தொங்கும். கலைநோக்கில் அதில் தவறில்லை என்று சொல்ல வாயெடுத்து, அர்ஹெலியோவின் கையைப் பார்த்து மூடிக்கொண்டேன். வேறு நிலா செய்யத் தகடும் இல்லை.

வெளியே பிள்ளைகள் ஏழாவது தடவையாகப் பாடினார்கள். அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு எழுந்து வந்து நிலாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"ரம்பம் குடுங்க," என்றாள்.

"என்ன பண்ணப் போற?"

"அவங்க சீஸுன்னு சொல்றாங்கல்ல, சீஸாவே இருந்துட்டுப் போகட்டும். சீஸ் கெடச்சா எந்தத் தவளையாவது ஒக்காந்து பாத்துக்கிட்டிருக்குமா?"

நிலாவின் மேல்மூலையிலிருந்து ஒரு பெரிய கடியை அறுத்து எடுத்தாள். அறுத்த இடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தோம். தன் பட்டறையிலிருந்து பழைய ஃப்ரிட்ஜ்களின் தெர்மாகோலைக் கொண்டுவந்து நொறுக்கி, தவளையின் உதட்டிலும் மார்பிலும் துணுக்குகளாக ஒட்டினாள். கன்னம் இரண்டையும் கம்பி வைத்து உப்ப வைத்தாள். வயிற்றுக்கு ஒரு பழைய மீன்கூடை.

"வாயத் தொறந்தவனே," என்றாள் என்னிடம். "வயித்துக்கு மஞ்சள் அடி."

அடித்தேன். ஆனால் கொள்கையை விடவில்லை. "இது ஓவியம் இல்ல. சுவத்துக்கு அடிக்கிற மாதிரி. சொறி மட்டும் வைக்கமாட்டேன், சொல்லிட்டேன்."

"உன்ன யாரும் கேக்கல," என்றார் அர்ஹெலியோ. அவரும் குழுவும் மறுநாள் சாயங்காலம்வரை உட்கார்ந்து மூடிகளை ஒட்டினார்கள். முன்பக்கம் முடிவதற்குள் டிராக்டர் வந்துவிட்டது. முதுகு வழுவழுவென்று பச்சையாக நின்றது. "பின்னாடி யாரு பாக்கப் போறா," என்று கதவைத் திறந்தார்கள்.

சதுக்கத்தின் வடக்குப் பக்கம் ஐந்நூறு பேர் இருப்பார்கள். எங்கள் டிராக்டரின் மூக்கு தெரிந்ததும் மாமா கையைக் காட்டினார். ஐந்நூறு சீஸ்கள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. சிரிப்பதற்காக ஐந்நூறு வாய்கள் திறந்தன.

தேர் முழுவதாக வெளியே வந்தது. கடித்த நிலா. உப்பிய கன்னம். வாயெல்லாம் துணுக்கு. தொப்பையை நிலாவில் சாய்த்துக்கொண்டு, அடுத்தது எங்கே என்பதுபோல் வடக்கே பார்த்துச் சிரித்தது தவளை. அதன் எதிரே ஐந்நூறு பேர், கல்யாண வீட்டில் பரிமாறுகிறவர்களைப்போல, ஆளுக்கொரு சீஸை ஏந்திக்கொண்டு நின்றார்கள்.

"இந்தப் பக்கம் ஒண்ணு கொண்டாங்கப்பா," என்று எங்கள் கூட்டத்தில் யாரோ நிதானமாகச் சொன்னார். "புள்ளைக்கு இன்னும் பசி அடங்கல."

தெற்குப் பக்கம் சிரிப்பில் வெடித்தது. தண்டவாளம்வரை கேட்டிருக்கும். வடக்கே திறந்த வாய்கள் அப்படியே நின்றன. தூக்கிப் பிடித்தால் தவளைக்கு ஊட்டுவதுபோல் இருக்கிறது, இறக்கினால் தோற்றதுபோல் இருக்கிறது. முன்வரிசையில் நின்ற அம்மாதான் முதலில் கரும்புத் தட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மறைத்துவிட்டு, டிராக்டரில் நின்ற அக்காவை அண்ணாந்து பார்த்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அர்ஹெலியோவின் முகம் மாறியது. "வடக்குல ஒரு ஆள் சிரிச்சுட்டாங்க, தயாமி. நான் பாத்தேன்."

"அது எங்கம்மாண்ணே."

அவர் வெகுநேரம் யோசித்தார். இவ்வளவு பெரிய சட்டச் சிக்கல் சலூனில் வந்ததில்லை. "ஒங்கம்மாவா சிரிச்சாங்களா, ஆடா சிரிச்சாங்களா?"

அக்கா கீழே பார்த்தாள். அம்மா அப்போது ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அம்மாவா," என்றாள் அக்கா.

"அப்ப கணக்குல வராது," என்றார் அர்ஹெலியோ. பிறகு, போகிறபோக்கில், "அடுத்த வருஷம் நீ மறுபடியும் தேருலயே கெடந்தா, என் ஃப்ரிட்ஜ யாரு பாக்கறது?" என்று அலுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அம்மா பையோடு வீட்டுக்கு வந்தார். உப்பைப்பற்றி அப்பாவிடம் நேரிலேயே சொன்னார். அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் ஆய்வேட்டுக்குச் சில குறிப்புகள் எடுக்கலாமென்று நோட்டோடு கிடங்குக்குப் போனேன்.

யாருமில்லை. மதியம் தேரைப் பிரிக்கப்போகிறார்கள். கட்டை பன்றிக் கொட்டிலுக்கு, கம்பி பட்டறைக்கு. 'தவளை என்பது' என்று எழுதினேன். அதற்குமேல் வரவில்லை. தவளையைச் சுற்றி நடந்து பின்பக்கம் போனேன். வழுவழுப்பான முதுகு. முன்பக்கத்துச் சொறியும் சரியாக இல்லை. எல்லாம் ஒரே அளவில், சலூன்காரர் சீப்பு வைத்ததுபோல் வரிசையாக இருந்தது. உண்மையான தவளைக்குக் காதுப் பக்கம் பெரிதாகவும் கீழே வரவரப் பொடியாகவும் இருக்கும். அதுகூடத் தெரியாமல் ஒட்டியிருக்கிறார்கள்.

மூலையில் அரைச் சாக்கு மூடியும், டப்பாவின் அடியில் கொஞ்சம் பச்சையும் மீந்திருந்தன.

நோட்டைத் தரையில் வைத்தேன். சில மூடிகளைக் கல்லால் தட்டி நசுக்கிச் சின்னதாக்கிக்கொண்டேன். வெளியே யாரோ போகும் சத்தம் கேட்டால் நிறுத்திவிட்டு, கடந்த பிறகு தொடர்ந்தேன். பதினோரு மணிக்கு இடது தோள்வரை வந்திருந்தேன். பின்னால் நகர்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். நடு முதுகில் ஒரு மூடி கொஞ்சம் கோணலாக இருந்தது.

அதைப் பெயர்த்து எடுத்து, சரியாக ஒட்டினேன்.