முட்டை வாங்க வந்தவள்

ஐஸ் பெட்டியின் மேல் குவிந்த மாலைகளை ஒதுக்கிவிட்டு, கணவன் சென்னியப்பனின் முகம் தெரியும்படி சாரதாமணி கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். பந்தலுக்கு அப்பால் கோழிப்பண்ணையில் தண்ணீர்த் தெளிப்பான்கள் சீறிக்கொண்டிருந்தன. முதலாளி செத்ததற்காகக் கோழிகளை வேகவிட முடியாது. நாற்பத்தொரு டிகிரி வெயில் துக்கம் விசாரிக்க வந்ததல்ல.

"நெஞ்சு வலிங்களா?" வந்தவர்கள் கேட்டார்கள்.

சென்னியப்பனின் அண்ணன்தான் பதில் சொன்னார். "வெயிலுங்க. முன்னெல்லாம் கத்திரி சொன்ன தேதிக்கு வரும். இப்பப் பங்குனியிலயே வந்து பந்தியில உக்காந்துக்குது."

சாரதாமணி கண்ணாடியை மறுபடியும் துடைத்தாள்.

நேற்று மதியம் சென்னியப்பன் கொட்டகைக் கூரையில் தென்னங்கீற்று பரப்பிவிட்டு இறங்கினார். கோழிக்குச் சூடு ஆகாதே. வாசல் நாற்காலியில் உட்கார்ந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருங்க அம்மிணி? முட்டை வாங்க வந்தீங்களா?"

முப்பது வருஷமாக அவர் இப்படித்தான். துணிக்கடையில் அவளைக் காட்டி, "இந்தம்மா யாருன்னே தெரியலீங்க, நான் எடுக்கற சீலைக்கெல்லாம் நொட்டை சொல்றாங்க" என்று கடைக்காரரைத் திணறடித்தவர். அவளும் சளைத்தவளில்லை.

"ஆமாங்க. வெலை கட்டுபடியானா எடுத்துக்கறனுங்க."

"கட்டாதுங்க. கோழியெல்லாம் ஊட்டுக்குப் போயிருச்சு."

சிரித்துக்கொண்டே மோர் கரைக்க உள்ளே போனாள். கொத்தமல்லி கிள்ளிப் போட்டு, உப்புப் பார்த்து, நிதானமாகத்தான் வந்தாள். அவர் நாற்காலியில் சரிந்து கிடந்தார். உடம்பு தோசைக்கல்லாகக் கொதித்தது. ஒரு பொட்டு வேர்வை இல்லை.

கோழி ஒன்று இறக்கையை அகட்டி வாயைப் பிளந்திருந்தால் கொட்டகைக்கு வெளியிலிருந்தே கண்டுபிடித்திருப்பாள். ஓடிப்போய் நனைத்திருப்பாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார். "சூடு மண்டைக்கு ஏறினா மொதல்ல பேச்சுதான் கொழம்பும். ஏதாச்சும் மாத்திப் பேசினாரா?"

"இல்லீங்க" என்றுவிட்டாள்.

விடியற்காலை பெங்களூரிலிருந்து வந்திருந்த மகன் தமிழரசு, இப்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஏம்மா, அப்பா கடைசியா என்ன சொன்னாரு?"

எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். உன் பேரைச் சொன்னார் என்றால் காலத்துக்கும் வைத்துக்கொள்வான்.

"நீ யாரு, முட்டை வாங்க வந்தியான்னு கேட்டாரு சாமி."

தமிழரசு அழுதுகொண்டே சிரித்துவிட்டான். "அப்பக்கூட நக்கலு பாரு."

"நக்கலுன்னுதான் நானும் நெனச்சேன்."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. அம்மாவைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அப்போது, காலையிலிருந்து பண்ணையைப் பார்த்துக்கொண்ட வேலைக்காரி சென்னம்மாள், வெயிலிலிருந்து பந்தலுக்குள் நுழைந்தாள். சாரதாமணியைக் கொஞ்சம் தேற்றலாமென்று நினைத்தாளோ என்னவோ.

"அக்கா, கோழிகளெல்லாம் உங்களைத்தான் கேக்குதுங்க. ஊட்டம்மா வராம முட்டை வெக்க மாட்டோமுன்னு ஒரே பஞ்சாயத்து."

இரண்டொருவர் உதட்டுக்குள் சிரித்தார்கள். சாரதாமணி எழுந்து போய் அவளுடைய பின்கழுத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"நான் யாரு, சொல்லு."

"என்னங்கக்கா..."

"என் பேரைச் சொல்லு."

சென்னம்மாள் எல்லோரையும் பார்த்து விழித்தாள்.

"சாரதாமணிங்க."

கழுத்து வேர்த்து ஈரமாகத்தான் இருந்தது. சாரதாமணி கையை எடுக்கவில்லை.