இங்கிலீஷ் பேப்பர் எழுதாதவள்

பட்டப்படிப்பு விண்ணப்பத்தின் முதல் பத்துக் கட்டங்களை நிரப்ப ஊசியக்காவுக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பதினொன்றாவதில் வண்டி நின்றுவிட்டது. பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டது கணினி. சின்னதாக ஒரு கோடு போட்டாள். சிவப்பு எழுத்தில் திட்டியது. பூஜ்யம் போட்டாள். அதற்கும் திட்டியது.

"தாண்டிப் போகவும் விடமாட்டேங்குதுடா," என்றாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பியிடம்.

அவள் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் பதினாறு வருடமாக ரத்தம் எடுப்பவள். மற்றவர்கள் இரண்டு முறை குத்தியும் அகப்படாத நரம்பு, அவள் விரல் பட்டதும் எழும்பிக்கொள்ளும். குழந்தைகள் அழலாமா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் பஞ்சை ஒட்டி அனுப்பிவிடுவாள். அதனால் டாக்டர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் ஊசியக்கா. ஆனால் எடுத்த ரத்தம் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனபின் என்ன பாடுபடுகிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. அங்கே வேலை பார்க்கப் பட்டம் வேண்டும். குழாய்களை உள்ளே நீட்டிவிட்டுத் திரும்பித் திரும்பி அலுத்தவளுக்கு, முப்பத்தெட்டு வயதில் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தே தீர வேண்டும் என்று தோன்றிவிட்டது.

சான்றிதழில் மற்ற பாடங்களுக்கெல்லாம் மதிப்பெண் இருந்தது. ஆங்கிலத்துக்கு நேராக 'வரவில்லை' என்று இருந்தது. அதுதான் கடைசித் தேர்வு. அன்று காலை அவள் வாசலில் செருப்பு மாட்டும்போது, பிரசவ நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கையிலேயே அம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது. அப்பா வெளியூரில். சீருடையோடு வண்டி பிடித்து அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். துணியில் சுற்றி ஒரு தம்பியை அவள் கையில் கொடுத்தபோது, பரீட்சைக் கூடத்தில் விடைத்தாள்களைக் கட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். அடுத்த தடவை எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். அம்மா தேறி எழ ஒரு வருடம் ஆயிற்று. பிறகு வேலை, கல்யாணம், பிள்ளைகள். அந்த அடுத்த தடவை வரவே இல்லை. தம்பிக்கு மட்டும் 'இங்கிலீஷ் பேப்பர்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

"நான் ஒரு நாள் கழிச்சுப் பொறந்திருக்கலாம்," என்றான் இப்போது.

"ஒரு வாரம் முன்னாடியே வந்திருக்கணும்டா. அன்னைக்குக் கணக்குப் பரீட்சை. கையெடுத்துக் கும்பிட்டு வரவேத்திருப்பேன்."

அவன் சிரித்தான். ஆனால் அந்தச் சிவப்பு எழுத்தை விட்டு அவன் கண் நகரவில்லை.

தனக்கு வார ஓய்வு கிடைத்த வியாழனன்று அவள் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு நேரிலேயே போனாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அலுவலர் அம்மாள் சான்றிதழை ஒரு பார்வை பார்த்துத் திருப்பித் தள்ளினார்.

"ஆங்கில மார்க் இல்லாம எடுத்துக்க முடியாதும்மா."

"சரிங்க. இது இல்லாதவங்க ஒருத்தர்கூட இங்க வந்து படிச்சதே இல்லையா?"

அந்த அம்மாள் சான்றிதழை மறுபடி தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து போய், அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு தாளைத் தேடி எடுத்து வந்தார். இருபத்தைந்து வயதைத் தாண்டி, வேலை அனுபவமும் உள்ளவர்கள் பல்கலைக்கழகமே நடத்தும் ஆங்கிலத் தேர்வுக்கு உட்காரலாம். ஒரு மணி நேரம் எழுத்து, கால் மணி நேரம் பேச்சு. பெயர் கொடுக்க நாளைதான் கடைசி நாள்.

"யாரும் கேக்கறதில்ல. அதனால நாங்களும் சொல்றதில்ல," என்றார் கொஞ்சம் கூச்சத்தோடு.

அங்கேயே பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. கைபேசிக் கடையில் வேலை பார்த்த தம்பி, வேலை விட்டதும் நேரே அக்கா வீட்டுக்கு வந்தான். அவள் எழுதி வைத்ததைச் சிவப்புப் பேனாவால் மேய்ந்தான்.

"அக்கா, இந்த 'தி'யை ஏன் எல்லா இடத்துலயும் போட்டிருக்கே?"

"எங்க போடணும்னு தெரியலடா. எல்லா இடத்துலயும் போட்டா, வேண்டிய இடத்துலயும் விழுந்திருக்கும்ல?"

பஸ் ஓட்டுநரான கணவன் சீருடைக்கு இஸ்திரி போட்டபடி, "நியாயமாத்தானே இருக்கு, மச்சான்?" என்றான். தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான்.

தேர்வன்று எழுத்துத் தாளில் 'நான் போன ஒரு பயணம்' என்று வந்தது. ஒவ்வொரு வரியையும் தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்கு இழுத்து வருவதற்குள் நேரம் பறந்துவிட்டது. பயணம் பாதி வழியிலேயே நின்றது. தாளை அப்படியே நீட்டிவிட்டு எழுந்தாள். வராந்தாவுக்கு வந்து தம்பியைக் கைபேசியில் கூப்பிட்டாள்.

"எல்லாம் போச்சுடா. நான் வீட்டுக்கு வந்துடறேன்."

"வா. வந்து இந்தத் தடவை யாரு பொறந்தாங்கன்னு சொல்லுவே?"

அவளுக்குச் சுருக்கென்றது. முகத்தைக் கழுவிக்கொண்டு பேச்சுத் தேர்வு அறைக்குள் போனாள்.

உள்ளே நரைத்த மீசையோடு ஒரு பேராசிரியர் இருந்தார். நன்றாகத் தெரிந்த ஒரு வேலையை, தெரியாதவருக்குப் புரியும்படி சொல்லச் சொன்னார். அவள் ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறி ஆரம்பித்தாள். முதலில் பெயர் கேட்பேன், சீட்டில் சரிபார்ப்பேன், கையில் ரப்பர் பட்டை கட்டுவேன் என்று சொல்லி, ஊசியைப் பிரிக்கும் கட்டத்துக்கு வந்தபோது அவர் பேனா நின்றிருந்தது. முகம் வெளுத்திருந்தது. மடித்திருந்த சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிவிட்டிருந்தார்.

"உங்களுக்கு ஊசின்னா பயமா, சார்?" என்று ஆங்கிலத்திலேயே கேட்டாள்.

"சின்ன வயசிலிருந்து," என்று ஒப்புக்கொண்டார் அவர். "போன தடவை மயங்கியே விழுந்துட்டேன்."

அவ்வளவுதான், ஊசியக்காவுக்குப் பரீட்சை மறந்துபோயிற்று. அப்படி எத்தனையோ பேர் வருவார்கள், பட்டாளத்துக்காரர் ஒருவர்கூட விழுந்திருக்கிறார், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றாள். உட்கார வைத்து எடுக்கவே கூடாது, மயக்கம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிப் படுக்க வைக்கச் சொல்லுங்கள், ஊசியைப் பார்க்காமல் கால் தசைகளை இறுக்கிக்கொள்ளுங்கள் என்றாள். அவர் ஏன் என்று கேட்டார். ரத்த அழுத்தம் திடீரென்று இறங்குவதைக் கையால் காட்டி விளக்கினாள். அவர் மேலும் கேட்டார். கால் மணி நேரம் அரை மணி ஆயிற்று. வெளியே வந்து படியிறங்கும்போதுதான், ஒரு வார்த்தைக்குக்கூடத் தமிழில் நின்று யோசிக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ஐம்பதுக்குப் பேச்சில் நாற்பத்தாறு. எழுத்தில் இருபத்தொன்று, தேற இருபத்தைந்து வேண்டும். அவள் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

"அக்கா, இன்னொரு பக்கம் இருக்கு," என்று கத்தினான் தம்பி.

பேச்சில் பெற்ற மதிப்பெண்ணையும் வேலை அனுபவத்தையும் கருதி இடம் தருகிறோம், முதல் அரையாண்டில் எழுத்துப் பயிற்சி வகுப்புக்கு வந்து, முடிவில் மறுபடி எழுதித் தேற வேண்டும் என்று அதில் இருந்தது.

"அப்போ நான் பாஸா, பெயிலா?"

"உள்ள வந்து உக்காந்து பாஸாகுன்னு சொல்லியிருக்காங்கக்கா!" என்றவன் அவளைத் தோளோடு சேர்த்துக் குலுக்கினான். கணவன் காலண்டரை எடுத்து வந்து, வகுப்பு நாட்களில் தன் பணி நேரத்தை மாற்றிக் குறித்தான்.

முதல் எழுத்துப் பயிற்சி வகுப்புக்கு ஐந்து நிமிடம் முன்பே போனாள். உள்ளே நுழைந்ததும் இருபது பிள்ளைகள் சடாரென்று எழுந்து நின்றார்கள். யார் வருகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை.

"உக்காருங்கப்பா. நானும் உங்க செட்டுதான்."

சிரிப்பு எழுந்தது. முன்வரிசையில் இருந்த பெண் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டாள்.

"உங்களை ஆன்ட்டின்னு கூப்பிடவா, அக்கான்னு கூப்பிடவா?"

"அக்கான்னே கூப்பிடு. வயசு குறையும்," என்று சொல்லி உட்கார்ந்த ஊசியக்கா, புது நோட்டைப் பிரித்து முதல் பக்கத்தில் தேதியைப் போட்டாள்.