மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

என் மனைவி உலையில் ஏற்றிய கடைசிப் படிகம் வளர நாற்பது நாள் ஆனது. ஒன்பதாம் நாள் அவள் இறந்துபோனாள். உலையை யாரும் நிறுத்தவில்லை. படிகம் வளரும் குழாய் அதுபாட்டுக்கு நாளுக்கு ஒரு நூலளவு இறங்கிக்கொண்டிருந்தது.

இன்று அதைச் சோதிக்கும் நாள். வெட்டி மெருகேற்றியது அவள் தம்பி. ஈரம் பட்டால் வெளுத்துவிடும் என்று அலுமினிய டப்பாவில் அடைத்து, ஒரு முகத்தில் கண்ணாடி வைத்திருந்தான். எட்டிப் பார்த்தேன். உள்ளே எதுவுமே இல்லாததுபோல் இருந்தது. அவ்வளவு தெளிவு.

எதிரே பெட்டிக்குள் நியூட்ரான்களை உமிழும் கடுகளவு மூலப்பொருள். வருகிற நியூட்ரானைப் பிடித்தால் படிகம் ஒரு கணம் மினுங்கும். நம் கண்ணுக்குத் தெரியாது. பின்னால் பொருத்திய கருவி எண்ணிவிடும். நிமிடத்துக்கு ஆயிரம் மினுக்கு வந்தால் தேறியது. குறைந்தால் உடைத்து மறுபடி உருக்குவோம்.

"ஆயிரத்து நாப்பது, மச்சான்! அக்கா கைன்னா சும்மாவா?"

எழுதப் பேனாவைத் திறந்தேன். அப்போதுதான் என் காலைப் பார்த்தேன். தரையில் இருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டி, படிகத்தின்மேல் கவிழ்ந்தாற்போல் நின்றிருந்தேன்.

மனித உடம்பில் பாதிக்குமேல் தண்ணீர். தப்பி ஓடும் நியூட்ரான்களை அது வேகம் குறைத்துத் திருப்பி அனுப்பும். மெதுவாக வருவதைப் படிகம் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். சோதனைக்கு வருபவர்களை அவள் விரட்டுவாள்: "தண்ணி லாரியெல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க!"

விலகி நின்று மறுபடி எண்ணினோம். தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு.

"மொதல்ல வந்ததையே எழுதுங்க மச்சான். யாரு பார்த்தா?"

"உங்கக்கா பார்த்திருந்தா?"

"கிழிச்சுத் தொங்க விட்டிருப்பா."

968 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மைத்துனன் சுத்தியலை எடுத்தான். திரும்ப வைத்தான்.

"இன்னொரு தடவ கிட்ட போங்களேன்."

போனேன். எண் ஏறியது. விலகினேன், இறங்கியது. மறுபடி போனேன். நான் வந்து நிற்பது படிகத்துக்குத் தெரிந்தது. டப்பாவின் இருட்டுக்குள் ஒளி, குளத்தில் தூறல் விழுவதுபோல், சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது.

அவனும் கோட்டைத் தாண்டி எதிரில் வந்து நின்றான்.

"ரெண்டு லாரி," என்றான்.

ஆயிரத்து எண்பத்தொன்று. அதைத் தாளில் எழுதவில்லை. உடைக்க வேண்டியதுதான். அதற்குமுன் இன்னொரு நிமிடம் எண்ணவிட்டோம்.