ஏழு சட்டைகளும் ஒரு தார்ப்பாயும்

1.

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் முளைத்ததில்லை. நான் தட்டச்சு வேலை பார்க்கும் காப்பீட்டு அலுவலகத்தில், ஒரு கோப்பில் செருகியிருந்த புகைப்படத்திலிருந்து சுட்டது.

படத்தில் பாதி கட்டிய வீடு. கூரைக்கு மரச்சட்டம் ஏறிவிட்டது, ஓடு இன்னும் ஏறவில்லை, அதுவரை மூடியிருக்க வேண்டிய தார்ப்பாயைக் காணோம். ஆனால் முகட்டில் நட்ட கம்பத்தில் ஏழு சட்டைகள், பொத்தான் போட்டது போட்டபடி தொங்குகின்றன. அதற்கு முந்தின நாள், எங்கள் கடலோர ஊருக்குப் பின்னால் நிற்கும் வெலெபித் மலையிலிருந்து இறங்கிய புரா என்ற குளிர்காற்று துறைமுகத்தில் ஒரு வேனைக் குப்புறத் தள்ளியிருந்தது. சட்டைகளில் ஒன்றுக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை. நான் சிரித்து ஓய்ந்த பிறகுதான் கோப்பைப் படித்தேன்.

2.

முதல் தொடக்கம்: 'அன்று காலை வானம் ஒரு—'

வேண்டாம். வானத்தில் தொடங்கும் கதைகளை நானே இரண்டாம் பக்கத்தில் மூடிவைத்துவிடுவேன்.

இரண்டாம் தொடக்கம்: 'கட்டுமானக் காப்பீடு என்பது யாதெனில்—'

இதற்கு நீங்களே மூடிவைத்துவிடுவீர்கள். ஆனாலும் ஒரு பத்தி பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயம் தெரியாமல் மேலே போக முடியாது. கட்டி முடித்த வீடு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். பாதி வீட்டுக்குத்தான் கண்டம் எல்லாம்: ஓடு ஏறுவதற்குள் காற்று, சுவர் காய்வதற்குள் மழை. அதனால் எங்கள் பத்திரத்தில் ஒரு நிபந்தனை உண்டு. திறந்த கூரையைத் தார்ப்பாயால் மூடி, நான்கு மூலையையும் புதுக் கயிற்றால் கட்டியிருக்க வேண்டும். கட்டியிருந்தும் காற்று பிய்த்துப்போனால் நிறுவனம் பணம் கொடுக்கும். கட்டாமல் விட்டிருந்தால் கையை விரிக்கும். இந்தக் கதைக்கு இவ்வளவு சட்டம் போதும்.

மூன்றாம் தொடக்கம்: 'வின்கா ஏணியில் ஏறினாள்.' இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்கிறேன்.

3.

வின்கா ஏணியில் ஏறினாள்.

(சேதத்தைப் பார்வையிட வருபவரை முதல் வரைவில் ஓர் ஆணாக எழுதியிருந்தேன். கறுப்புப் பை, கடுகடு முகம், பேச்சில் பாதி மூக்கு வழியாக. எழுதி முடித்ததும் எனக்கே அலுத்துப்போயிற்று. உண்மையில் வருபவள் வின்கா. காரின் பின்பக்கம் எப்போதும் ரப்பர் பூட்ஸ் வைத்திருப்பாள். முதலில் கூரையைப் பார்ப்பாள், அப்புறம்தான் மனிதர்களுக்கு வணக்கம் சொல்வாள்.)

மேலே போனால், குளிர் இறங்காமலிருக்கக் கூரைச் சட்டத்துக்குள் அடைத்த பஞ்சுப் பொதியெல்லாம் நீர் குடித்துக் கனத்திருந்தது. கீழ்த்தளத்தின் மரப்பலகைகள் பொரித்த அப்பளமாய் உப்பிக் கிடந்தன. கீழே இரண்டு பேர் அண்ணாந்து நின்றார்கள். ஒருத்தி வீட்டுக்காரி நெவென்கா. படகுத்துறையில் சீட்டு விற்று ஓய்வு பெற்றவள். இன்னொருவர் கட்டடம் கட்டும் மேஸ்திரி கஷ்பர். காப்பீடு அவர் பெயரில்தான். பணம் வராவிட்டால் நனைந்ததை எல்லாம் அவரே கைக்காசு போட்டு மாற்றித்தர வேண்டும். அப்படி நடந்தால் இந்தக் குளிர்காலம் அவருடைய ஆட்கள் ஆறு பேருக்கும் கூலி கிடையாது. அது அவருக்கும் தெரியும், ஆறு பேருக்கும் தெரியும்.

4.

என்ன நடந்தது என்பதை நெவென்காவும் கஷ்பரும் மாறி மாறிச் சொன்னதிலிருந்து கோத்துத் தருகிறேன்.

முகட்டு மரம் ஏறும் நாளில் வீட்டுக்காரர் வேலையாட்களுக்குச் சட்டை எடுத்துத் தருவது இங்கே வழக்கம். அவற்றை முகட்டுக் கம்பத்தில் கட்டிவிட்டுக் கீழே விருந்துக்கு உட்காருவார்கள். விருந்து முடிவதற்குள் சட்டை ஒன்று விழுந்துவிட்டால் தீர்ந்தது. சட்டையைக் கட்டத் தெரியாதவன் சுவரை என்னத்தைக் கட்டினான் என்று ஊர் ஒரு வருடத்துக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். கஷ்பர் மானஸ்தர். பழைய கயிறு இற்றுப்போயிருந்தது. புதிதாக வாங்கிய நீலக் கயிறு தார்ப்பாயின் நான்கு மூலையில் இருந்தது. அதை அவிழ்த்துச் சட்டைகளைக் கட்டினார். கறி தின்றுவிட்டு வந்து திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அதுவரைக்கும் தார்ப்பாய்க்கு நாலைந்து செங்கல்*.

கம்பியில் சுழன்ற ஆட்டுக்குட்டி வேக நேரமாயிற்று. ஒயின் வந்தது, பாட்டு வந்தது. காற்று எச்சரிக்கையும் வந்தது. கொட்டகையில் மாட்டியிருந்த ஏழு கோட்டுகளின் பைகளில் ஏழு போன்கள் முனகி ஓய்ந்தன. அப்புறம் காற்றே நேரில் வந்தது, கூடவே மழையையும் அழைத்துக்கொண்டு.

* நான்கு என்றார் கஷ்பர், ஐந்து என்றாள் நெவென்கா. புராவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

5.

வின்கா இறங்கி வந்து படிவத்தை எடுத்தாள். அவளுக்கு இந்த மனிதரைப் பிடிக்கும். சுவர்களைத் தட்டிப் பார்த்திருந்தாள். ஒழுங்காகக் கட்டிய சுவர்கள். முகட்டை இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை.

"தார்ப்பாயைக் கட்டித்தானே வச்சிருந்தீங்க, மேஸ்திரி?"

"கட்டியிருந்தேன் மேடம்." பொய்யில்லை. காலை வரைக்கும் கட்டித்தான் இருந்தது.

"காத்துல முடிச்சு அவுந்துடுச்சு. அப்படியே எழுதிக்கிறேன்."

இங்கே கஷ்பர் தலையை ஆட்டியிருக்க வேண்டும். ஒரே ஒரு ஆட்டு. நெவென்கா பின்னாலிருந்து ஆட்டிக் காட்டினாள். எழுதும்போது நானும் ஆட்டினேன்.

"எது அவுந்துச்சு?" என்றார் கஷ்பர்.

"முடிச்சு."

"நான் போட்ட முடிச்சா? முப்பத்தோரு வருஷமாக் கட்டுறேன் மேடம். அவுந்ததா ஒருத்தன் சொல்லட்டும். அங்க மேல பாருங்க. ஏழு சட்டை. ஒரு பொத்தான் போயிருக்கா?"

வின்கா மேலே பார்த்தாள். சட்டைகளைப் பார்த்தாள், கம்பத்தைப் பார்த்தாள், கம்பத்தைச் சுற்றியிருந்த நீலக் கயிற்றைப் பார்த்தாள்.

"அது தார்ப்பாய்க் கயிறா?"

"ஆமா. நான்தான் அவுத்தேன்."

நெவென்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஊரையெல்லாம் கட்டுன கஷ்பரு, உன் வாயைக் கட்ட ஒரு முழம் கயிறு மிச்சம் வைக்கலியே நீ."

வின்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் விடவில்லை, இன்னொரு வழி கொடுத்துப் பார்த்தாள். பக்கத்துத் தெருவில் நான்கு மூலையும் கட்டிய தார்ப்பாயே பறந்திருந்தது. இதைக் கட்டியிருந்தாலும் பறந்திருக்கும் என்று குறிப்பு எழுதினால் மேலிடம் ஏற்றுக்கொள்ள வாய்ப்பு உண்டு. கஷ்பரை ஒரு வார்த்தை ஆமாம் சொல்லச் சொன்னாள்.

கஷ்பர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். ஆறு பேரும் கொட்டகை ஓரம் நின்று அவரையே பார்த்தார்கள்.

"நான் கட்டியிருந்தா நின்னிருக்கும்மா. நான் கட்டல. அதை எழுதுங்க."

இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, அளவில்லாத பிரியமும் வந்தது. இரண்டையும் மறைக்கப்போவதில்லை.

6.

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: வின்கா கண்ணை மூடிக்கொண்டு 'முடிச்சு அவிழ்ந்தது' என்று எழுதிவிடுகிறாள். பணம் வருகிறது. எல்லோருக்கும் நிம்மதி, கஷ்பரைத் தவிர. அவர் அதற்குப் பிறகு காப்பிக் கடையில் அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இரண்டு: கோரிக்கை மறுக்கப்படுகிறது. ஆறு பேரில் மூத்தவன் வேலை தேடி வடக்கே பஸ் ஏறுகிற காட்சியில் 'அவன் பையில் அந்தப் புதுச் சட்டை—' என்று எழுதி, என் மேல் எனக்கே வெட்கமாகி அடித்துவிட்டேன்.

மூன்று: நிறுவனத்தின் தலைவர் மனமிளகி நேரில் வருகிறார். இதற்கு நீங்கள் சிரிக்கலாம், நானும் சிரித்தேன்.

நடந்தது இதுதான். வின்கா அறிக்கையை நேர்மையாக எழுதினாள், நான் தட்டச்சு செய்தேன். 'கயிறு கூரையில் இல்லை, கம்பத்தில் இருந்தது. அதே புயலில் அதே கயிறு, அதே கை போட்ட முடிச்சு, அசையவில்லை. பக்கத்துத் தெருவில் முறையாகக் கட்டியதே பறந்தது. கேட்டபோது மேஸ்திரி தனக்குப் பாதகமான உண்மையைச் சொன்னார். சாதகமான இரண்டு பொய்களை மறுத்தார்.' அதன் கீழே இரண்டு கட்டங்கள்: ஏற்கலாம், மறுக்கலாம்.

அவற்றில் ஒன்றில் குறி போட வேண்டிய அதிகாரியை இந்தக் கதையிலிருந்து நீக்கிவிட்டேன். நாற்காலி காலியாக இருக்கிறது. உட்காருங்கள். நிபந்தனை என்ன என்பது உங்களுக்குத் தெரியும். இதை ஏற்றால் நாளைக்கு எல்லா மேஸ்திரிகளும் விருந்துக்குக் கயிற்றை அவிழ்ப்பார்கள் என்று வாதாடலாம். மறுத்தால் இனி எவனும் உண்மையைச் சொல்ல மாட்டான் என்றும் வாதாடலாம். நான் இரண்டு பக்கமும் வாதாடிப் பார்த்துக் களைத்துவிட்டேன்.

கஷ்பர் இப்போது கூரை மேல் இருக்கிறார். ஆறு பேரும் கூடவே இருக்கிறார்கள், கூலி உண்டா என்று யாரும் கேட்கவில்லை. ஈரப் பஞ்சை வாரி வாரிக் கீழே எறிகிறார்கள். திங்கட்கிழமை ஓடு வருகிறது. அதற்குள் சொல்லிவிடுங்கள்.