ஒன்றாம் நம்பர் மெஷின்

அன்றைக்குக் கடைக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். கடைக்காரர் செல்லசாமி, அவர் மனைவி நிஷாந்தி, கடையில் வேலை பார்த்துக்கொண்டு பின்னறையிலேயே தங்கியிருந்த அழகன், பாடசாலையில் கம்பியூட்டர் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் சிவரூபன் சேர். விளையாட வந்த பயல்களையெல்லாம் செல்லசாமி மத்தியானமே விரட்டிவிட்டார்.

சிவரூபனைக் கூப்பிட்டது ஒரே காரணத்துக்குத்தான். ஒன்றாம் நம்பர் மெஷினிலிருந்து நல்ல புரொசசரை அழகன் உருவிவிட்டு மட்டமான ஒன்றைச் செருகிவிட்டான் என்று செல்லசாமி நினைத்தார். அது உண்மையென்றால் அழகனுக்கு வேலையும் இல்லை, படுக்க இடமும் இல்லை. காலையிலேயே பின்னறையைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

இரண்டாயிரத்து ஐந்தில் நோர்வூட் பசாரில் நாலு கம்பியூட்டர் வைத்து கேம் கடை நடத்தியவர் அவர் ஒருவர்தான். அதற்கு முன் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. மடுவம் என்ற நிறுவைக் கொட்டகையில் பல வருடம் கொழுந்தை எடை போட்டவர். ஈரக் கொழுந்தையும் கூடைக்கு அடியில் கிடக்கும் கல்லையும் கண்டுபிடித்துப் பழகிய கண், கடைக்கு வந்த பிறகும் அடங்கவில்லை. ஆள் இல்லாத நேரத்தில் மெமரியைக் கழற்றிவிடுவார்கள் என்று நாலு பெட்டியின் முதுகிலும் குட்டிப் பூட்டுப் போட்டிருந்தார்.

ஒன்றாம் நம்பர்தான் கடையின் பெருமை. சண்டை கேமை அதில் ஆடத்தான் பயல்கள் வரிசையில் நிற்பார்கள். சில மாதமாக அது ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் திக்கித் திக்கி நின்றது. அழகன் கிரபிக் கார்டை மாற்றச் சொன்னான். செல்லசாமி கொழும்புக்குப் போய்ப் புதுக் கார்ட் வாங்கி வந்து, பூட்டைத் திறந்துவிட்டு, அவன் மாட்டி முடிக்கும்வரை டோர்ச் அடித்துக்கொண்டு தலைமேலேயே நின்றார். அதற்குப் பிறகும் திக்கியது.

திருடினவன்தானே வேறு பக்கம் கையைக் காட்டுவான்? செல்லசாமியின் கணக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

சிவரூபன் கேமைப் போட்டுவிட்டு அது திக்கத் தொடங்கும்வரை காத்திருந்தார். திரையின் மூலையில், செக்கனுக்கு எத்தனை படம் வருகிறது என்பதைக் காட்டும் இலக்கம் இருபத்திரண்டில் நின்றது.

"இப்ப படத்தைச் சின்னனாக்கிப் பாப்பம். கார்ட்டுக்குத்தான் பாரமெண்டால் உடன வேகம் கூடோணும்."

சின்னதாக்கினார். படம் மங்கியது. இலக்கம் அசையவில்லை.

"கூடேல்லை. அப்ப கார்ட்டில பிழையில்லை. புரொசசர்தான் ஈடு குடுக்க ஏலாமல் திணறுது. கார்ட் சும்மா கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கு. ஆர் கார்ட்டை மாத்தச் சொன்னது?"

"நான்தான் சேர்," என்றான் அழகன். "இப்பிடிச் சோதிச்சுப் பாக்காம சொல்லிட்டேன். என் தப்புதான்."

"கேட்டீங்களா சேர்? அவன் வாயாலயே வந்துருச்சு. புரொசசர மாத்திட்டான்."

"அண்ணே, கார்ட்ட தப்பாச் சொன்னேன்னுதான் சொன்னேன். களவெடுத்தேன்னு சொல்லல."

சிவரூபன் வேறொரு பக்கத்தைத் திறந்து பார்த்தார். "புரொசசர் மூண்டு கிகா எண்டுதான் காட்டுது. வாங்கினதும் அதுதானே?"

"காட்டும் சேர். கூடைக்கு அடியில கல்லக் கட்டினாலும் தராசு முள்ளு கிலோவத்தான் காட்டும்."

"நீங்க நிறுத்த கொழுந்துல எத்தன கிலோ எங்க போச்சுன்னு, பறிச்சுக் குடுத்த எங்க அம்மாவுக்கும் தெரியும்ண்ணே," என்றான் அழகன்.

நிஷாந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செல்லசாமி திரும்பிப் பார்த்ததும் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். இவளும் இவன் பக்கமா என்று அவருக்குத் தோன்றியது. பகலில் கடையில் இவர்கள் இரண்டு பேர்தானே இருக்கிறார்கள்? பெட்டிச் சாவி வீட்டில் ஆணியில்தானே தொங்குகிறது? இந்த நினைப்பு வந்த பிறகு அவர் நாற்காலியில் உட்காரவில்லை.

பூட்டைத் திறந்தார். சிவரூபன் பக்கத் தகட்டைக் கழற்றினார். புரொசசரின் தலைமேல் இருந்த விசிறி ஒழுங்காகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. கார்ட் மாட்டிய அன்றும் அது சுற்றியதைச் செல்லசாமி டோர்ச்சில் பார்த்திருந்தார். சிவரூபன் மின்சாரத்தை நிறுத்திவிட்டு விசிறியைக் கழற்றித் தூக்கினார்.

அடியில் சூட்டை இழுக்கும் அலுமினியத் தகடுகள் கண்ணுக்கே தெரியவில்லை. கம்பளித் துண்டு போல ஒன்று இடுக்கெல்லாம் அடைத்துக் கிடந்தது. ஸ்குரூ டிரைவரால் நெம்பியதும் அடை அடையாகக் கழன்று வந்தது. சிவரூபன் முகர்ந்து பார்த்தார்.

"இஞ்ச என்ன புகைக்கிறனியள்?"

எல்லார் கண்ணும் மேலே போனது. மெஷினுக்கு நேர் மேலே முருகன் படம். வெள்ளிக்கிழமை தவறாமல் செல்லசாமி சாம்பிராணிக் கரண்டியை அந்த மேசையில்தான் வைப்பார். குளிருக்குக் கதவு, ஜன்னல் எதையும் திறப்பதில்லை. புகையைப் பெட்டி குடித்தது. பயல்களின் சுவெட்டர் நூலும் தொப்பி நூலும் அந்தப் பிசினில் ஒட்டிக்கொண்டன.

"சூடு வெளிய போக வழியில்லை. அளவுக்கு மிஞ்சிச் சுட்டால் புரொசசர் தன்னைக் காப்பாத்த வேகத்தைத் தானே குறைக்கும். இலக்கம் மட்டும் மூண்டு எண்டுதான் நிக்கும்."

"பெட்டியத் திறந்து தூசி தட்டணும், சாவி குடுங்கன்னு எத்தன தடவ கேட்டிருப்பேன்," என்றான் அழகன்.

"எதுக்குக் கேட்டேன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் செல்லசாமி. "சேர், அதையும் கழட்டுங்க. புரொசசர் மேல இருக்கிற பேர வாசிச்சுப் பாக்கணும்."

"ஏங்க, இன்னுமா?" என்றாள் நிஷாந்தி.

சிவரூபன் தகட்டுக் கட்டையையும் கழற்றி, காய்ந்த பசையை வழித்தார். செல்லசாமி அலமாரியிலிருந்து புரொசசர் வந்த பழைய அட்டைப்பெட்டியை எடுத்து வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தார். அதே புரொசசர்தான்.

சுத்தம் செய்து, புதுப் பசை வைத்து மூடியதும் இலக்கம் அறுபதைத் தாண்டியது. எவ்வளவு நேரம் ஓடவிட்டும் இறங்கவில்லை.

"புதுப் புரொசசர் தேவையில்லை. செலவழிக்கத்தான் வேணுமெண்டால் மெமரியைக் கூட்டுங்கோ. முதல்ல இந்த மெஷினைச் சாமிக்குக் கீழ இருந்து எடுங்கோ," என்று சொல்லிவிட்டு சிவரூபன் கை கழுவப் போனார்.

செல்லசாமி தொண்டையைச் செருமினார். "சரிடா. போய் வேலையப் பாரு."

"பின்னறையத் திறந்து விடுங்கண்ணே. என் பேக்க எடுக்கணும்."

"எங்க போற?"

"ஹட்டனுக்குப் போய் எங்கயாவது வேல தேடிக்கிறேன். இங்க இனி முடியாது."

"இரு தம்பி, சாப்பிட்டுட்டாவது போ," என்றாள் நிஷாந்தி.

"வேணாம் அண்ணி."

செல்லசாமி அறையைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றார். அழகன் பேக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தாயிற்று. அப்புறம் இவனுக்கு ஏன் இத்தனை அவசரம்? அவர் கை தானாக நீண்டது.

"தொறந்து காட்டிட்டுப் போ."

அழகன் ஒன்றாம் நம்பர் மேசைமேல் பேக்கைக் கவிழ்த்தான். இரண்டு சட்டை, ஒரு கம்பளி, ஸ்குரூ டிரைவர், பல்பொடி டப்பா. செல்லசாமி கம்பளியை உதறிப் பார்த்தார். நிஷாந்தி அதை அவர் கையிலிருந்து பிடுங்கி மடித்து, எல்லாவற்றையும் திரும்ப பேக்குக்குள் வைத்தாள். சிவரூபன் ஈரக்கையோடு அடுத்த பக்கம் திரும்பிக்கொண்டார்.

அழகன் தன்னிடமிருந்த கடைச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் படியில் இறங்கினான். செல்லசாமி அந்தச் சாவியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கள்ளச்சாவிக்கு அச்சு எடுத்த மெழுகு ஏதும் ஒட்டியிருக்கவில்லை. துடைத்திருப்பான். கதவைச் சாத்தி உள்ளிருந்து பூட்டினார்.