பிடி என்னும் சொல்

கதிரவன் இன்னும் தலைகாட்டாத விடியற்பொழுது. ஆற்றங்கரையை ஒட்டி அடுக்கடுக்காய் நின்ற மரக்கிடங்குகளின்மேல் பனி படர்ந்து, ஈரமரத்தின் மணம் தெருவெங்கும் பரவி, மரமறுக்கும் பட்டறைகளின் வாள்கள் ஓசையெழுப்பாது உறங்கிக் கிடக்க, தெருக்கோடியில் ஓடுவேய்ந்த நீண்ட கூடம் ஒன்றில் மட்டும் விளக்கெரிந்தது. அதுவே அவ்வூர் ஆடவர் உடற்பயிற்சி செய்யும் கூடம். சுவரோரம் துருவேறிய இரும்பு வட்டுகள். நடுவே, பலர் கைபட்டுப் பளபளத்த இரும்புத் தண்டு ஒன்று. உடலை வருத்தி உள்ளத்தை வெல்வதே அங்கு வருவோர் கொண்ட கொள்கை. பயிற்சிக்கு முன்னும் பின்னும் கண்மூடி, வாய்பேசாது அமர்ந்திருப்பார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அது முனிவர் கூட்டமாகவே தோன்றும். உள்ளுக்குள் ஓடியது என்ன என்பதை, அன்புடையீர், இனிக் கேளுங்கள்.

அக்கூடத்தில் பழைய வழக்கம் ஒன்றுண்டு. தோளில் சுமையேற்றிக் குந்தி எழுபவனுக்குப் பின்னால் துணைவன் ஒருவன் நிற்பான். சுமப்பவன் வாய்திறந்து 'பிடி' என்று கேட்டாலன்றி அவன் தண்டைத் தொடலாகாது. தன்னால் இயலாது என்று பிறனிடம் ஒப்புக்கொள்ளும் அந்நொடியில் மனிதனின் செருக்கு உடையும் என்று கருதியே முன்னிருந்தவர்கள் இதை ஏற்படுத்தினர். நல்ல எண்ணந்தான், ஆனால் ஆண்பிள்ளைகள் கையில் எது உருப்பட்டது? நாளடைவில் அச்சொல்லைச் சொல்லாதவனே வீரன் என்றாகி, செருக்கை ஒழிக்க வந்த வழக்கமே செருக்குக்குத் தீனி போடலாயிற்று.

ஒருமுறையும் அச்சொல்லைச் சொல்லாதவன் என்று பெயரெடுத்தவன், கிடங்கில் கட்டை ஏற்றும் ஒருவன். ஊரார் அவனைக் கல்தூண் என்றே அழைத்தனர்; அழைக்கும்போதெல்லாம் அவனுக்கு உச்சி குளிர்ந்தது. அவன் தம்பியோ அதே கிடங்கில் மரம் அளப்பவன், மெலிந்தவன், அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாதவன். தம்பியென்றால் கல்தூணுக்கு உயிர். அதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் மட்டும் அவனுக்கில்லை.

ஒருநாள் காலை, தம்பி தன் வலுவுக்கு மீறிய வட்டுகளைத் தண்டில் மாட்டித் தோளேற்றினான். பின்னால் நின்றவன் கல்தூண். குந்திய தம்பியால் எழ முடியவில்லை. தொடைகள் நடுங்கின, காதோரம் சிவந்தது. அண்ணன் கைகள் தண்டுக்கு அருகே வந்து, தொடாமல் நின்றன. கேட்குமுன் பிடித்தால் கூடத்தார் நடுவே தம்பியின் மானம் போய்விடும் என்று அவன் எண்ணினான். கேட்கட்டும் என்று காத்தான். தம்பி கேட்கவில்லை. உடல் முன்னே மடங்க, தண்டு உருண்டு பிடரியில் ஏறியது. எலும்பு முறிந்த ஓசையை அங்கிருந்த அனைவரும் கேட்டனர்.

உயிர் தங்கியது, கழுத்துக்குக் கீழே உடலில் அசைவு தங்கவில்லை. சன்னலோரக் கட்டிலில் கிடத்தப்பட்ட தம்பி அண்ணனைப் பழித்து ஒரு சொல்லும் பேசவில்லை. பழித்திருந்தாலாவது கல்தூணுக்குச் சோறு இறங்கியிருக்கும். கூடத்துப் பக்கமே போகாமல், படுக்கைப்புண் வராதிருக்கத் தம்பியைப் புரட்டுவதும், குளிப்பாட்டத் தூக்குவதுமாக அவன் நாள்கள் கழிந்தன. தன்னைத் தண்டிப்பவன்போல் வெடுக்கென்று தூக்குவான், தொப்பென்று கிடத்துவான். அவன் மனைவி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்:

"மெதுவா வைங்க. அது உங்க தம்பி, கிடங்குக் கட்டை இல்ல."

தம்பி சிரித்தான். கட்டைக்காவது அளவு பார்த்து விலை வைப்பார்கள் அண்ணி என்றான்.

பயிற்சி நின்ற உடல் எத்தனை நாள் பழம்பெருமையில் ஓடும்? உறக்கமும் உணவும் குறைந்து, முதுகில் வலி குடியேறியது. ஒரு பிற்பகல், குளிப்பாட்டிய ஈரத்தரையில் தம்பியை ஏந்தி நின்றபோது கல்தூணின் முழங்கால்கள் ஆடின. அந்த நடுக்கத்தை அவன் அறிவான். தம்பியின் தொடைகளில் பார்த்திருக்கிறான். பல்லைக் கடித்தான். இன்னும் ஒரு நொடி வீரனாய் நின்றால் தம்பி தரையில் விழுவான் என்பது விளங்கியது. பிறந்தது முதல் அவன் வாயில் வராத சொல் அப்போது வந்தது.

"பிடி... சீக்கிரம் வந்து பிடி."

ஓடிவந்து மனைவி தாங்கினாள். இருவருமாய்த் தம்பியைக் கட்டிலில் சேர்த்தனர். தம்பி குரலில் கசப்பில்லாமல் சொன்னான்:

"இதை நீ அங்க ஒரு தடவ சொல்லி நான் கேட்டிருந்தா, நானும் சொல்லியிருப்பேன் அண்ணா."

கல்தூண் கட்டிற்காலைப் பற்றியவாறு தரையில் அமர்ந்து அழுதான். உடைய வேண்டியது அன்றுதான் உடைந்தது. உடைந்த வேளையோ பிந்தியது.

மறுநாள் அவன் மீண்டும் கூடத்துக்குப் போனான். தம்பியைப் பதமாய்த் தூக்க வலு வேண்டும் என்பது தவிர அவனுக்கு வேறு நோக்கமில்லை. சிறிய சுமையை ஏற்றினான். கால் தளர்ந்ததும் எல்லார் காதிலும் விழ 'பிடி' என்றான். சிலர் வாய்க்குள் சிரித்தனர். நாள்தோறும் சொன்னான். சிரிப்பு மெல்ல ஓய்ந்தது. வீட்டில், தம்பியைக் கிடத்தும்போது மெத்தை ஓசைகூட எழவில்லை.

மழைக்காலத்தில் தம்பியின் நெஞ்சில் சளி கட்டியது. மூச்சு நாளுக்குநாள் குறுகி, ஒரு காலையில் நின்றது. கிடங்கின் நல்ல மரத்தில் பெட்டி செய்து, கூடத்து ஆடவரே தோள்கொடுத்துச் சேற்றுத்தெருவில் சுமந்தனர். முன்னால் தோள்கொடுத்து நடந்த கல்தூண், தூக்கும் வலு தோளில் இருந்தும் நெஞ்சில் இல்லாமற்போய், பாதிவழியில் நின்றான், 'பிடி' என்றான். முன்பு சிரித்தவர்களில் ஒருவன் ஓடிவந்து அவ்விடத்தில் தோளை வைத்தான்.

உடலைப் பழக்கினால் உள்ளம் உயருமா என்று கேட்பீராயின், உயரும் என்றே சொல்வேன். எங்கே தன் வலு தீர்கிறது என்பதை உடல் பொய்யின்றிக் காட்டிவிடும்; அதைக் கண்டு வாய்திறப்பவன் வளர்வான். கல்தூணும் வளர்ந்தான். அவ்வளர்ச்சியைக் காண வேண்டிய ஒருவன் பெட்டிக்குள் கிடந்தான்.