மூன்று சட்டை

இன்னொரு துண்டைச் சுருட்டி, போர்வைக்கடியில் தங்கையின் தோளோரம் செருகினார் பெரியவர். தள்ளி நின்று பார்த்தார். போர்வை இன்னும் உடம்போடு ஒட்டித்தான் கிடந்தது. விடியற்காலையில்தான் உயிர் போயிற்று. அதற்குள் பல்கலைக்கழக வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது. கலையரங்கில் கிடத்தப் போகிறார்கள். முன்னாள் துணைவேந்தரைப் பார்க்க ஊரே திரண்டு வரும்.

ஊட்டச்சத்துப் பேராசிரியை. எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு சாப்பாடு வேண்டும் என்று நாட்டுக்கே சொன்னவள். துணைவேந்தர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும், விடுதிச் சாப்பாட்டை வாயில் வைக்காமல் ஒரு கோப்பிலும் கையெழுத்துப் போடாதவள். அவள் தொண்டையில் வந்த நோய் கடைசி மாதங்களில் ஒரு வாய் பாலைக்கூட இறங்கவிடவில்லை. அது ஊருக்குத் தெரியுமா? ‘வீட்டில் பட்டினி போட்டுவிட்டார்கள்’ என்று நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேச மாட்டார்களா?

“மாமா, என்ன பண்றீங்க?” தங்கையின் மகள் அறைவாசலில் நின்றாள்.

“கதவைச் சாத்துடி. அந்தச் சால்வையையும் எடு.”

“ஏன், அம்மாவுக்குக் குளிருதா?”

“வாயாடாத. இந்தக் கோலத்துல பார்த்தா நம்ம குடும்பத்தைக் காறித் துப்புவாங்க.”

அவள் சால்வையை எடுத்தாள், கொடுக்கவில்லை. “அம்மா கணக்கெடுக்கப் போன வீடுகள்ல, மெலிஞ்ச பிள்ளைக்கு மூணு சட்டை மாட்டி நிறுத்துவாங்களாம். மானம் போயிடுமேன்னு.”

“தெரியும்.”

“அம்மா என்ன செய்வாங்கன்னும் தெரியும்ல?”

தெரியும். ஒரு வார்த்தை திட்ட மாட்டாள். சட்டைகளைக் கழற்றித் தாயிடம் கொடுத்துவிட்டு, அந்தச் சின்னக் கையில் நாடாவைச் சுற்றி அளப்பாள். வெயிலில் தெருத்தெருவாக அலைந்து அளந்த அந்த அளவுகள்தான் அவளைப் பேராசிரியை ஆக்கின, துணைவேந்தராகவும் ஆக்கின. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமையடித்தவரே அவர்தான்.

பதிவாளர் கதவைத் தட்டினார். “ஐயா, பிள்ளைங்க ரொம்ப நேரமா காத்துட்டிருக்காங்க. எடுக்கலாமா?”

“கொஞ்சம் இருங்க” என்றார் பெரியவர்.

கதவையே பார்த்தபடி நின்றார். பிறகு குனிந்து துண்டுகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தார். போர்வை தாழ்ந்து, எலும்புகளின் மேல் படிந்தது. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, அவரே கதவைத் திறந்தார்.

நான்கு பேர் உள்ளே வந்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கக் குனிந்தார்கள்.

“மெதுவா” என்றார் பெரியவர். “கனமே இருக்காது.”